வேகமும் வேணும், கேஸ் தோங்கும் நுழையணும்

கேஸ் சிலிண்டர் தோங்கைப் படுக்க வைத்தால் காரின் பின்பக்க பூட் கதவு மூடியது, அரிசி மூட்டைக்கு இடமில்லை. தோங்கை நிமிர்த்தி வைத்தால் அரிசி மூட்டை சௌகரியமாக உட்கார்ந்தது, கதவு மூடவில்லை. லோகேஸ்வரி மூன்றாவது தடவையாகத் தோங்கைத் தூக்கினாள்.

"அக்கா, இது காடிக்கா. லோரி இல்ல" என்றான் காடியை விற்கிற பையன். அவன் பெயரைச் சொல்லியிருந்தான். லோகேஸ்வரிதான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"தெரியும் தம்பி. அந்தப் பக்கம் பிடிங்க."

பழைய காடி பார்க்கப் போகிறவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் போனட்டைத் திறந்து, ஒன்றும் புரியாவிட்டாலும் "ம்ம்" என்பார்கள். லோகேஸ்வரி அப்படிப்பட்ட ஆள் இல்லை. மெர்போக்கிலிருந்து கிளம்பும்போதே ஒரு காலி கேஸ் தோங், பத்துக் கிலோ அரிசி மூட்டை, முட்டிவலிக்கார அம்மா நவமணி, மூன்றையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். இந்த மூன்றும் நுழையாத காடி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மூன்றும் நுழைகிறது என்பதற்காக, மேடு கண்டால் மூச்சு வாங்குகிற காடியும் வேண்டாம்.

"ஒம்பது வருசமா கம்பெனி பஸ் ஜன்னல்ல உக்காந்து, பின்னால வந்தவன்லாம் முந்திப் போறதப் பாத்தாச்சு மாமா. இனி நான் முந்தணும்" என்று, காடி காட்டக் கூட்டிப்போகிற சின்னையாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு சிப் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் ஆப்பரேட்டராக இருந்தவளுக்கு இப்போதுதான் டெக்னீஷியன் வேலை கிடைத்திருந்தது. சந்தோஷம்தான். ஆனால் டெக்னீஷியனுக்குக் கம்பெனி பஸ் கிடையாது. மெஷின் படுத்துக்கொண்டால் எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள். ஒன்றாம் தேதிக்குள் சொந்தக் காடி இருந்தால் வீட்டிலிருந்து வரலாம், இல்லாவிட்டால் கூலிமில் கம்பெனி ஹாஸ்டல் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். ஹாஸ்டலுக்குப் போனால் மெர்போக் வீட்டில் அம்மா தனியாக இருக்க வேண்டும். அப்பா போய்ப் பதினோரு வருடம். அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டே பேர். அம்மாவை விட்டுவிட்டுப் போவதா? செத்தாலும் நடக்காது. டெக்னீஷியன் வேலையை விடுவதா? அதுவும் நடக்காது. ஆக, காடி வாங்கியே தீரவேண்டும். கையில் இருபத்து மூன்று நாள் இருந்தது.

நவமணி முதலில் காடியே வேண்டாம் என்றாள். பிறகு ஒருநாள் திடீரென்று சரி என்றாள், ஒரே ஒரு நிபந்தனையோடு.

"கடையில வேணாம்டி. பெயிண்ட் அடிச்சு ஏமாத்திருவானுங்க. வீட்ல வெச்சிருக்கிற காடியா பாப்போம். வெச்சிருக்கிற ஆளு எப்படி, குடும்பம் எப்படின்னு பாத்துத்தான் வாங்கணும். நானும் வருவேன்."

அதற்குத்தான் சின்னையா. சுங்கை பட்டாணியிலிருந்து யான் வரைக்கும் நம்மவர்கள் வீட்டுக் காடிகளுக்கெல்லாம் இன்சூரன்சும் ரோட் டேக்சும் எடுத்துக் கொடுக்கிறவர் அவர். எந்த வீட்டு வாசலில் எந்தக் காடி நிற்கிறது, எத்தனை தடவை இடித்தது எல்லாம் அவருக்கு அத்துப்படி. தன் பழைய வேனில் அம்மாவையும் மகளையும் கேஸ் தோங்கையும் ஏற்றிக்கொண்டு அவர்தான் இந்த சுங்கை பட்டாணி வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்.

தோங் ஒருவழியாகக் குறுக்கே படுத்தது. லோகேஸ்வரி சாவியை வாங்கி ஒரு சுற்று ஓட்டினாள். மேம்பாலம் ஏறும்போது, கூடை நிறைய கீரைக்கட்டு வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போன ஒரு மனிதர் அவளை முந்திப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது நவமணி உள்ளே பையனின் அப்பா பழனியாண்டியோடு உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

"வேணாம்டி. சிகரெட்டு நாத்தம்."

"காடிக்குள்ள மல்லிப்பூ வாசம்தாம்மா அடிக்குது. சிகரெட்டெல்லாம் இல்லையே."

"எனக்கு அடிக்குது. வேணாம்னா வேணாம்."

எப்படியும் வேண்டாம் என்றுதான் லோகேஸ்வரியும் நினைத்திருந்தாள். அதனால் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். வேனில் சின்னையா ஒரு சின்ன நோட்டை எடுத்து, "சிகரெட்டு ஆகாது" என்று எழுதிக்கொண்டார்.

"அடுத்தது வேகமா போறதா பாருங்க மாமா. ரொம்ப வேகமா!" என்றாள் லோகேஸ்வரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் தொழிற்சாலைக் கேண்டீனில் வாசுகியிடம் இதைச் சொன்னாள். வாசுகி பக்கத்து மெஷின்காரி, பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதி.

"கேசரியா? காடி விக்கிறவன் எவன்டி கேசரி கிண்டுவான்?" என்றாள் வாசுகி.

"வடையும் இருந்துச்சு."

"பையனுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்ல போல."

"அம்மாக்காரி?"

"இறந்துட்டாங்களாம். அப்பாவும் மகனும் மட்டும்தான்."

வாசுகி தட்டைத் தள்ளி வைத்தாள். "அடிப்பாவி! இது காடி பாக்கிற கதையா? வீட்ல பொம்பள இல்ல, மருமகளத் தேடுறாங்க. ஒனக்குத் தெரியாதா, சின்னையா மாமா ரோட் டேக்ஸ் மட்டும் எடுக்கல, ஜாதகமும் எடுத்துக்கிட்டுத் திரியுறாரு. எங்க பெரியப்பா மகனுக்கு அவருதான் முடிச்சு வெச்சாரு."

"ஆனா அவன் என்னை அக்கான்னு கூப்பிட்டான்டி."

"மொதல்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவானுங்க."

லோகேஸ்வரிக்கு உச்சந்தலை கொதித்தது. அம்மா காடி பார்க்கப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தபோதே யோசித்திருக்க வேண்டும். போன வருடம் இரண்டு ஜாதகம் வந்தபோது "எனக்கு இப்ப வேணாம்" என்று முகத்திலடித்த மாதிரி சொன்னவளாயிற்றே. அதற்காக இப்படியா குறுக்குவழியில் வருவது? சின்னையாவை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் நாள் ஓடிக்கொண்டிருந்தது, வேறு யாரையும் தெரியாது. பார்ப்போம், காடியை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வருகிறேன் என்று முடிவு செய்தாள்.

அடுத்த வாரம் கூலிமில் அய்யாவு வீடு. லோகேஸ்வரி வேண்டுமென்றே சாயம் போன கம்பெனி டீ-சட்டையைப் போட்டு, தலையில் தேங்காய் எண்ணெயை ஊற்றி வழித்துச் சீவிக்கொண்டு கிளம்பினாள். அம்மா திட்டுவாள், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடலாம் என்று காத்திருந்தாள். நவமணி ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தன் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

'எவ்வளவு அழுத்தம் பாரேன்!' என்று பல்லைக் கடித்துக்கொண்டாள் மகள்.

அய்யாவு எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகன் குணாளனின் கறுப்புக் காடி பார்ப்பதற்கே பயமாக இருந்தது. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. பின்னால் ஒரு ரெக்கை. புகைக்குழாயில் பூனைக்குட்டி குடியிருக்கலாம். லோகேஸ்வரி பார்த்தவுடன் அதை இரண்டு தடவை சுற்றி வந்தாள். ஆனால் பூட் கதவைத் திறந்தால் உள்ளே இரண்டு பெரிய ஸ்பீக்கர். கேஸ் தோங்குக்கு வழியே இல்லை.

"ஸ்பீக்கரக் கழட்டிடலாம்லா" என்றான் குணாளன், பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற குரலில்.

"அம்மா, நீ ஏறிப் பாரு."

நவமணி ஏறினாள். ஏறினாள் என்பதைவிட விழுந்தாள் என்பதே சரி. அந்த ரேஸ் சீட்டு அவளை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொண்டது. இறங்க முடியவில்லை. லோகேஸ்வரி ஒரு கையைப் பிடித்து இழுத்தாள், சின்னையா மறு கையை. அய்யாவு பக்கத்தில் நின்றுகொண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் எஸ்டேட் டிராக்டர் சேற்றில் மாட்டியபோது தான் எப்படி அதை மீட்டெடுத்தேன் என்பதை ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, பேச்ச நிறுத்திட்டு ஒரு கை பிடிங்களேன்!" என்று கத்தினாள் நவமணி.

அவர் நிறுத்தவில்லை. நவமணி வெளியே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தேத்தண்ணீர் குடித்து முடிக்கும்வரைக்கும் டிராக்டர் சேற்றிலேயே இருந்தது.

இதுதான் சமயம் என்று லோகேஸ்வரி தொண்டையைச் செருமினாள். "இங்க பாருங்க, நான் வெளிப்படையா சொல்லிடறேன். எனக்கு இன்னும் அஞ்சு வருசத்துக்குக் கல்யாணம் பண்ற எண்ணமே இல்ல."

அய்யாவு அவளைப் பரிவாகப் பார்த்தார். "அது ஒன் இஷ்டம்மா. அதுல நாங்க தலையிடமாட்டோம்."

"எனக்கு ஏற்கெனவே ஆளு இருக்குக்கா" என்றான் குணாளன், எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல.

பாவம், இவனையும் கட்டாயப்படுத்தித்தான் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள் லோகேஸ்வரி. அந்த இரக்கத்தோடேயே சாவியை வாங்கி ஓட்டினாள். அடடா, என்ன ஓட்டம்! இரண்டாவது கியரில் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவதில் வாய்விட்டுச் சிரித்தாள். நாலாவது போடப்போகும்போது தாமான் குடியிருப்பின் வேகத்தடை வந்தது. பிரேக் நன்றாகவே பிடித்தது. ஆனாலும் காடி அதன்மேல் ஏறவில்லை, உள்ளே நுழைந்தது. 'டொம்' என்று ஒரு சத்தம். பம்பரோடு முன்பக்கத் தாடை கழன்று ரோட்டில் கிடந்தது.

குணாளன் ஓடிவந்து அதை இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "நான் இந்தக் காடிய விக்கலைக்கா. யாருக்கும் விக்கல." அதோடு உள்ளே போய்விட்டான்.

"எனக்குக் காது வலிக்குது, கிளம்புவோம்" என்றாள் நவமணி.

"ஆமாம்மா, எக்ஸாஸ்ட் சத்தம் அதிகந்தான்."

"எக்ஸாஸ்ட்டா? ம்."

சின்னையா நோட்டில் "பேச்சு குறைவா இருக்கணும்" என்று எழுதியதை லோகேஸ்வரி கவனிக்கவில்லை. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் எதுவும் கண்ணில் படவில்லை. வேன் மெயின்ரோட்டுக்கு வந்ததும் வெடித்தாள்.

"மாமா, உண்மையச் சொல்லுங்க. நாம காடி பாக்கப் போறமா, மாப்பிள்ளை பாக்கப் போறமா?"

வேன் ஒரு குலுங்கு குலுங்கியது. சின்னையா நவமணியைப் பார்த்தார். நவமணி செம்பனை மரங்களைப் பார்த்தாள்.

"அம்மா!"

"நீ நினைக்கிற மாதிரி இல்லடி லோகேஸ். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம..."

"போதும்மா! நான் என்ன சின்னப் பிள்ளையா? எனக்கு இப்பக் கல்யாணம் வேணாம். நான் ஒருத்தனக் கட்டிக்கிட்டுப் போயிட்டா ஒன்ன யாரு பாத்துக்குவா?"

"அதத்தான்டி நானும்..."

"அதத்தான் நானும் சொல்றேன்!" மேலே பேசவிடவில்லை. அப்பா போனபிறகு அம்மா இருட்டில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த நாட்களை அவள் மறக்கவில்லை. நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது, அதனால் குரலை இன்னும் உயர்த்தினாள். "மாமா, இனிமே காடிக்காரங்க பொம்பளையா இருக்கணும். கல்யாணம் ஆனவங்களா இருக்கணும். அந்த வீட்ல அண்ணன், தம்பி, கொழுந்தன்னு ஒருத்தனும் இருக்கக்கூடாது. எழுதிக்கங்க."

சின்னையா பெருமூச்சோடு வேனை ஓரமாக நிறுத்தி எழுதினார். "பெரியவங்க இருக்கலாம்ல?"

"இருந்துட்டுப் போகட்டும்."

சொல்வது சுலபம். அப்படி ஒரு வீடும், அதில் அப்படி ஒரு காடியும் கிடைக்க வேண்டுமே! சின்னையா ஒன்பது நாள் தலைகாட்டவில்லை. லோகேஸ்வரி தானே தேடிப் பார்த்தாள். சிநேகிதியின் அண்ணனிடம் ஒரு காடி இருந்தது, அது மூன்று கதவு. ஆசிரியர் ஒருவரிடம் ஒன்று இருந்தது, அவர் போனில் "வேகமா ஓட்டுறவங்களுக்குத் தரமாட்டேன்" என்று வைத்துவிட்டார். ஹாஸ்டலில் கட்டில் எண் பதினான்கு ஒதுக்கியாகிவிட்டது என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள் இருந்தபோது, சனிக்கிழமை காலையில் வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

"யான்ல ஒரு வீடு. டீச்சர். ரெண்டு பிள்ளை, மூணாவது வயித்துல. பெரிய காடி மாத்துறாங்க. கூடப் பொறந்தவங்க யாருமில்ல. வீட்டுக்காரரு லங்காவியில வேலை, மாசத்துக்கு ரெண்டு தடவதான் வருவாரு" என்று ஒப்பித்தார் சின்னையா. "வேற ஏதாவது கேக்கணுமா?"

"மானுவலா?"

"மானுவல்."

வயல்களுக்கு நடுவில், குனோங் ஜெராய் மலை பின்னால் நிற்க, அந்த வீட்டு வாசலில் சிவப்புக் காடி நின்றது. ஐந்து கதவு. அலட்டல் இல்லாத ஒரு சின்ன ரெக்கை. லோகேஸ்வரி நேராகப் போய் பூட் கதவைத் திறந்து, பின்சீட்டைப் பாதி மடித்து, கேஸ் தோங்கை நிமிர்த்தி வைத்தாள். பக்கத்தில் அரிசி மூட்டை. கதவை இறக்கினாள். 'டப்' என்று மூடியது. அவளுக்கு அழவேண்டும்போல இருந்தது.

டீச்சர் யோகேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். "அப்பாதாம்மா இதப் பாத்துக்கிறது. எங்கம்மா இறந்ததுலேர்ந்து எங்ககூடத்தான் இருக்காரு. நெல்லு அறுக்கிற மெஷின்லாம் ரிப்பேர் பண்றவரு. ஒரு நட்டுகூட லூசா இருக்காது."

அப்பா சிவநேசன் அதிகம் பேசவில்லை. கைகூப்பினார். லோகேஸ்வரி கேட்ட எட்டுக் கேள்விக்கும் எட்டு வார்த்தையில் பதில் சொன்னார். நவமணி காடியில் ஏறப்போனபோது மட்டும் "இருங்க" என்று உள்ளே போய், ஒரு முக்காலியைக் கொண்டுவந்து கதவோரம் போட்டார். நவமணி அதில் கால் வைத்து ஏறினாள், இறங்கினாள். முட்டியைப் பிடித்துக்கொள்ளவே இல்லை.

"காடி நல்லாருக்குடி" என்றாள்.

"இன்னும் நான் ஸ்டார்ட்டே பண்ணலையேம்மா!"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

லோகேஸ்வரி டீச்சரை ஏற்றிக்கொண்டு மலையடிவாரம் வரைக்கும் பதமாக ஒரு ஓட்டம் ஓட்டினாள். மேட்டில் கியரைக் குறைத்ததும் காடி முகத்தைத் தூக்கிக்கொண்டு ஏறியது. முன்னால் போன ஒரு கம்பெனி பஸ்ஸைச் சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, ஒழுங்காக முந்தினாள். ஒன்பது வருடத்துப் புகை அப்படியே நெஞ்சிலிருந்து இறங்கியது.

திரும்பி வந்தபோது சிவநேசனும் சின்னையாவும் வராந்தாவில் இருந்தார்கள். அடுப்படியிலிருந்து அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஏதாவது சேட்டை செய்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். விலை பேச ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பேங்க் கடிதம் ஏற்கெனவே கையில் இருந்தது. நாளைக்கே பெயர் மாற்றிவிடலாம் என்றார் சிவநேசன். "சனிக்கிழமை சனிக்கிழமை நானே மெர்போக்குக்கு வந்து எண்ணெய், தண்ணி பாத்துத் தரேன்" என்றும் சொன்னார். அன்றைக்கு அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

"ஐயோ, அவ்வளவு தூரம் எதுக்கு அங்கிள் செரமம்?"

"செரமம் இல்லம்மா" என்றார் அவர். சின்னையா நோட்டைச் சட்டைப்பையில் வைத்து, பையைத் தட்டிக்கொண்டார்.

லோகேஸ்வரி ஜெயித்துவிட்டாள். கட்டில் எண் பதினான்கு யாருக்கோ போகட்டும். டெக்னீஷியன் வேலையும் உண்டு, அம்மாவும் தனியாக இல்லை. சந்தோஷத்தில் மனதில் எதையும் வைத்துக்கொள்ள முடியவில்லை. சாவியைக் கொடுக்க வந்த யோகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன். எங்கம்மா காடி காடின்னு சொல்லி, போன வீட்லல்லாம் மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் விடுவேனா? கல்யாணத்துக்கு நிக்கிற ஆம்பளையே இல்லாத வீடாப் பாருங்கன்னு பிடிவாதமா சொல்லித்தான் ஒங்க வீட்டுக்கு வந்தேன்."

யோகேஸ்வரி அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"ஏன் இல்ல? எங்கப்பா இருக்காரே! ஒங்கம்மாவுக்குப் பிடிச்சுப் போச்சுன்னு சின்னையா மாமா இப்பத்தான் சொன்னாரு."